சிறு பிள்ளைகளோடு வன்னியில் காட்டு நடையும் கூடாரத் தங்கலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் வசிக்கும் இரண்டு பிள்ளைகளின் தாய். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவனுக்கு ஐந்து. மூத்தவள் நடை பழகிய காலத்திலிருந்து குளக்கட்டு, வயல்வெளி, காட்டோரம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறோம். கடந்த மூன்று ஆண்டுகளாக அயலிலுள்ள பெற்றோரும் சேர்ந்துகொள்கிறார்கள். முன்பள்ளி வாசலிலும் கோயில் வீதியிலும், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் தொலைபேசி அழைப்புகளிலும் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

எத்தினை வயசிலயிருந்து பிள்ளையக் காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகலாம்?

கழுத்து நன்றாக நின்ற குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு, காலை வேளையில் நிழல் வழியே அரை மணி நேரம் நடப்பதில் தவறில்லை. ஆனால் கைக்குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைப்போல வேகமாகச் சூடாறுவதில்லை. கட்டியிருக்கும் துணியும் உங்கள் உடற்சூடும் அதற்கு மேலதிகச் சுமை. குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அது சூடாகவும் வியர்த்தும் இருந்தால் அன்றைய நடை முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையான காலந்தான் உண்மையில் கடினமானது. நடக்கவும் வேண்டும், தூக்கவும் வேண்டும், கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குள் போகவும் வேண்டும். இரவுத் தங்கலைப் பொறுத்தவரை, "தொடாதே" என்று சொன்னால் தொடாமல் நிற்கும் பக்குவம் வரும்வரை பொறுத்திருங்கள் என்பதே என் கருத்து. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது நாலு வயதுக்குப் பிறகே வருகிறது. வன்னியில் அந்தப் பக்குவம் ஏன் இத்தனை முக்கியம் என்பதை மிதிவெடி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எந்த மாதம் நல்லது? நாங்கள் ஓகஸ்ட் லீவுக்குத்தான் வாறம்.

தை பிற்பகுதி முதல் பங்குனி நடுப்பகுதி வரை, அதாவது ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை, மிகச் சிறந்த காலம். வாடைக்காற்றோடு வந்த மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், காடு பச்சையாக இருக்கும், புலம்பெயர் பறவைகளும் கடனீரேரிகளை விட்டுப் போயிருக்கமாட்டா. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இரவுத் தங்கலை நினைக்கவே வேண்டாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிச் சூறாவளி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில்தான் கரையேறியது. அந்த மாதங்களில் வன்னி வானத்தை நம்பித் துணிக்கூரையின் கீழ்ப் பிள்ளையைப் படுக்கவைப்பது அறிவுடைமையாகாது. பகலில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு: முதல் மழை விழுந்த மறுநாட் காலை வெறும் மணல் வெளிக்குப் போனால், பட்டுத்துணியில் வெட்டி எடுத்தாற்போல் சிவந்த தம்பளப்பூச்சிகள் ஊர்ந்து திரியும். அதைப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் போதும்.

ஓகஸ்டில்தான் வர முடியுமென்றால் வாருங்கள், ஆனால் மணிக்கூட்டை மாற்றிக்கொள்ளுங்கள். பகல் வெப்பம் 34, 35 பாகையைத் தொடும். சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும். செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து முல்லைத்தீவுக் கரையோரமாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரைக்காரர்கள் விடிய முன்னரே நடக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் ஒரு கோயிலிலோ மரநிழலிலோ இருந்துவிடுவார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களும் அப்படியே செய்ய வேண்டும்: காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிக்க வேண்டும், அல்லது மாலை நாலரைக்குப் பிறகு போய் இருட்டுமுன் திரும்ப வேண்டும்.

நாலு வயசுப் பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கும்?

சமதரையில், வெயிலில்லாத வேளையில், மூன்று வயதுப் பிள்ளை ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரும், நாலு ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு மூன்று கிலோமீற்றரும் நடக்கும் என்பது நான் கண்ட அளவு. போகும் தூரமும் திரும்பும் தூரமும் சேர்ந்த கணக்கு இது. முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஒருமுறை இதை மறந்துவிட்டு, காற்று நன்றாக இருக்கிறதே என்று நடந்துகொண்டே போனோம். திரும்பும்போது காற்று நின்று வெயில் ஏறிவிட்டது. மகள் கட்டின் நடுவிலே உட்கார்ந்துவிட்டாள். மிகுதித் தூரம் முழுவதும் அவளை என் கணவர் தோளில் சுமந்தார். தண்ணீர்ப் போத்தல்கள், பை, செருப்பு எல்லாம் என் தலையில்.

தூரத்தைவிட நேரத்தைக் கணக்கிடுங்கள். இளையவன் ஒருநாள் பாதையோர மணலில் குழியானையின் குழிகளைக் கண்டுபிடித்தான். சிறு புனல்போன்ற குழி. அதன் விளிம்பில் ஒரு மணற்பருக்கையைத் தட்டிவிட்டால் அடியிலிருந்து மண் தெறிக்கும். ஒவ்வொரு குழியையும் சோதித்து நூறு மீற்றர் நடக்க அவனுக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. அந்த நாற்பது நிமிடத்தைத் திட்டத்தில் முன்கூட்டியே சேர்த்துவிட்டால் யாருக்கும் எரிச்சல் வராது.

மிதிவெடி இன்னும் இருக்குதே. பிள்ளையளோட காட்டுக்குப் போறது விசர் வேலையில்லையோ?

இந்தப் பக்கத்தில் எதையாவது ஒன்றை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள். மற்ற நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் பிள்ளையின் வலு, பையின் பாரம், சப்பாத்தின் தரம் என்பனவே முதலில் வரும். வன்னியில் முதலில் வரும் கேள்வி நிலம்: நீங்கள் காலை வைக்கும் இடம் யாருக்குத் தெரிந்த இடம்? போர் 2009இல் முடிந்தது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. அகற்றும் பணியில் மிகப் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கிறது. ஆயினும் புதைத்த மிதிவெடி மட்டுமே ஆபத்து என்று எண்ணக்கூடாது. வெடிக்காமல் கிடக்கும் எறிகணைகளும் கைக்குண்டுகளும் காட்டிலும் வாய்க்காலிலும் மண் மூடிக் கிடக்கலாம். பெருமழை அவற்றை வெளியே கொண்டுவரும்.

ஆகவே மூன்று கட்டுப்பாடுகளை நாங்கள் ஒருபோதும் தளர்த்துவதில்லை. ஊரவர் நாள்தோறும் நடக்கும் அல்லது மாடு சாய்த்துப் போகும் பாதையை விட்டு விலகுவதில்லை. ஒதுக்குப்புறம் போவதற்கும்கூட விலகுவதில்லை. மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகையைக் கண்டால் அன்றைய நடையை அங்கேயே முடித்துத் திரும்புகிறோம். பலகை இல்லாததைப் பாதுகாப்புக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதுமில்லை. புதிய இடமென்றால் அந்த ஊரில் விறகுக்கோ மாட்டுக்கோ போய்வருகிற ஒருவரைக் கேட்டு, முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போகிறோம். கிராம அலுவலரிடமும் விசாரிக்கிறோம்.

பிள்ளைக்கு இதை அச்சமூட்டாமல் ஒரே வசனமாகப் பழக்குங்கள். எங்கள் வீட்டு வசனம்: "காட்டில் கிடக்கிற இரும்பு எங்களுடையதில்லை." கண்டால் தொடக்கூடாது, கல்லெறியக்கூடாது, நின்று கூப்பிட வேண்டும், வந்த அடியிலேயே திரும்ப வேண்டும், பிறகு நாம் பொலிஸின் 119 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். மகள் மூன்றரை வயதில் ஒரு சோடா மூடியைக் கண்டு அசையாமல் நின்று என்னைக் கூப்பிட்டாள். நான் சிரிக்கவில்லை, குனிந்து பார்த்து, "சரியாய்ச் செய்தாய்" என்று சொன்னேன்.

அப்ப முதல்முதலா எங்க போறது?

ஆள் நடமாட்டமுள்ள குளக்கட்டுகளுக்கு. இரணைமடு, வவுனிக்குளம், அக்கராயன், முத்தையன்கட்டு, மன்னார்ப் பக்கமென்றால் கட்டுக்கரைக்குளம்: எல்லாவற்றிலும் கட்டின் மேல் நடக்கலாம், வழி தவறாது, ஒருபுறம் நீரும் மறுபுறம் வயலும் மருத மரங்களும் இருக்கும். வன்னியில் ஏறுவதற்கு மலையென்று சொல்லத்தக்கது எதுவுமில்லை என்பது சிறு பிள்ளைகளுக்கு வாய்த்த பேறு. பறவை பார்ப்பதற்குச் சுண்டிக்குளம் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்தக் கடனீரேரியில், காலமும் நீர்மட்டமும் ஒத்துவந்தால் பூநாரைகளைக் காணலாம். நிழல் மிகக் குறைவு. குடை கொண்டு போங்கள்.

முதல் இரவுத் தங்கலுக்கு நான் சொல்லும் இடம் பலருக்கு வியப்பாக இருக்கும்: உங்கள் வீட்டு முற்றம். இரண்டாவது, உறவினரின் உழுது பயிரிட்ட தோட்டக் காணி. பல ஆண்டுகள் கலப்பை ஓடிய மண் தெரிந்த மண். மூன்றாவது, கத்தோலிக்கரின் மாதா கோயில் இருக்கும் மடு. ஓகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவுக்கு முந்திய நாட்களில் மருதமடுக் காட்டு நிழலில் குடும்பங்கள் கூடாரமடித்து, சமைத்து, படுத்தெழும்பும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. சைவக் குடும்பங்களும் போகின்றன. தண்ணீர் உண்டு, மலசலகூடம் உண்டு, ஆட்கள் உண்டு. கூடாரத் தங்கல் வெளிநாட்டுப் பழக்கம் என்பவர்களுக்கு நான் மடுவைத்தான் காட்டுவேன்.

ஆரிட்டயும் அனுமதி எடுக்க வேணுமோ?

குளக்கட்டில் பகல் நடைக்கு வேண்டியதில்லை. தேசிய பூங்காக்களும் சரணாலயங்களும் வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழும், ஒதுக்கப்பட்ட காடுகள் வனத் திணைக்களத்தின் கீழும் உள்ளன. அங்கே அனுமதியின்றி இரவு தங்குவது சட்டப்படி குற்றம். தனியார் காணியென்றால் சொந்தக்காரரிடம் கேட்பதோடு கிராம அலுவலருக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். இரவில் காட்டோரத்தில் வெளிச்சம் தெரிந்தால் மரம் வெட்டுகிறார்களோ, வேட்டையோ என்று ஊர் பதறும்.

தண்ணி எவ்வளவு? குளத்துத் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடுக்கலாம்தானே?

அரை நாள் நடைக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு லீற்றர், பெரியவர் ஒருவருக்கு இரண்டு லீற்றர், அதற்கு மேல் கைகால் கழுவ ஒரு போத்தல். பிள்ளை கேட்கும்வரை காத்திராமல் கால் மணிக்கொரு முறை இரண்டு மிடறு கொடுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, நாலைந்து மணி நேரம் போகாமலே இருந்தாலோ நீர் குறைந்துவிட்டது என்று பொருள். ஒரு ஜீவனிப் பைக்கற்றை (நீரிழப்புக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புக் கலவை) பையில் எப்போதும் வைத்திருங்கள். அதில் எழுதியுள்ள அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். பிள்ளை குடிக்கும் சிறு கிளாசில் முழுப் பைக்கற்றையும் கொட்டக்கூடாது.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். வயலிலிருந்து வடிந்த மருந்தும் உப்பும் போகா. வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன கட்டிறது?

தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் வேண்டாம். வெயிலில் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். அவித்த முட்டை, உப்பிட்டு அவித்த மரவள்ளி, வாழைப்பழம், பொரிவிளாங்காய், பனங்கட்டித் துண்டு ஆகியவை எங்கள் பையில் போகும். முறிகண்டியில் வாங்கிய கச்சானை (நிலக்கடலையை) முழுதாக ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு, அதுவும் நடக்கும்போது கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும்.

பாலைப்பழக் காலமென்றால் பிள்ளைகளுக்கு வேறு ஒன்றும் தேவைப்படாது. மஞ்சட் பழம் பத்தைத் தின்றவுடன் பால் ஒட்டி மேலுதடும் கீழுதடும் பசை போட்டதுபோல் ஆகிவிடும். சிறிது தேங்காயெண்ணெய் தடவினால் விடும். தெரியாத பழத்தை வாயில் வைக்கக்கூடாது என்பதை இதே சந்தர்ப்பத்தில் சொல்லிக்கொடுங்கள். தோடம்பழம்போல் உருண்டு கவர்ச்சியாக இருக்கும் எட்டிக்காய், சிவப்பும் கறுப்புமான குன்றிமணி, கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கு, ஊமத்தை: நான்கும் கொடிய நஞ்சு.

குளத்தில இறக்கிக் குளிக்க வைக்கலாமோ?

ஊரவர் குளிக்கும் துறையில், பகலில், பெரியவரின் கை எட்டும் தூரத்தில், முழங்கால் ஆழத்தில் மட்டும் இறக்கலாம். வன்னிக் குளங்களில் முதலை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த அலைகரையில் உண்டு என்பது மீன்பிடிக்கிறவருக்குத்தான் தெரியும், அவரைக் கேளுங்கள். முதலையைவிடச் சேறும் மண் அள்ளிய பள்ளங்களும் அதிக ஆபத்து. கணுக்கால் நீரில் நிற்கும் பிள்ளை அடுத்த அடியில் கழுத்தளவுக்குப் போய்விடலாம். குளம் நிரம்பி வான் பாயும்போது குடும்பத்தோடு போய்ப் பார்ப்பது இங்கே ஒரு திருவிழா. பாருங்கள், ஆனால் பிள்ளையின் கையை அல்ல, மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரக் கை வழுக்கும்.

யானை வந்தா என்ன செய்யிறது?

யானை வரும் இடத்தில் இருக்காமல் விடுவதே செய்யத்தக்கது. ஈரம் காயாத இலத்தி, புதிதாக முறிந்த கொப்பு, பட்டை உரிந்த மரம் என்பவற்றைக் கண்டால் உடனே திரும்புங்கள். கோடையில் யானைகள் அந்தியிலும் இரவிலும் நீர் தேடிக் குளத்துக்கு வரும். குளக்கரையில் கூடாரமடிப்பது அவற்றின் வாசலில் படுப்பதற்குச் சமம். வாழைப்பழம், கரும்பு, உப்பு எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். தூரத்தில் கண்டுவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சத்தமின்றி, வந்த வழியே பின்வாங்குங்கள். படமெடுக்க நிற்க வேண்டாம்.

கரடி வேறு வகை. அது பாலைப்பழத்துக்கு மரமேறும், கண்பார்வை மட்டம், திடுக்கிட்டால் பாயும். ஆகவே பழக்காலத்தில் காட்டோரப் பாதையில் பேசிக்கொண்டே நடப்பது நல்லது. பிள்ளைகளோடு போகும்போது இதற்குத் தனி முயற்சி எதுவும் தேவைப்படுவதில்லை.

பாம்பு கடிச்சா உடன என்ன செய்ய வேணும்?

கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் தடி வைத்துக் கட்டுங்கள், பிள்ளையை நடக்கவிடாமல் தூக்குங்கள், மோதிரம், காப்பு, கொலுசு இருந்தால் கழற்றுங்கள், 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் இடமென்றால் கிடைத்த வாகனத்தில் மாவட்ட வைத்தியசாலைக்கே நேரே போங்கள். இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும், பாம்பை அடித்துக் கொண்டுபோக நேரம் செலவழிப்பதும் தீமையே செய்யும். விஷக்கல் வைக்கப் போய் இழந்த நேரம் திரும்பி வராது.

இரவுத் தங்கலுக்கு முக்கியமான ஒன்று: எண்ணெய் விரியன் (கட்டுவிரியன்) இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, அடையாளமும் தெளிவாகத் தெரியாது. தரையில் படுத்த பிள்ளை நடுஇரவில் வயிற்று நோவென்று அழுதாலோ, இமைகள் தாமாகச் சரிந்தாலோ, வாயுக் கோளாறு என்று இஞ்சி கொடுத்துக்கொண்டிராமல் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.

டென்ற் வாங்கத்தான் வேணுமோ? வீட்டில இருக்கிற தரப்பாள் காணாதோ?

மழைக்கும் பனிக்கும் தரப்பாள் போதும். மேலே சொன்ன பாம்புக்குப் போதாது. அடித்தளம் சேர்த்துத் தைத்த, வலை வாசலைச் சிப்பால் முழுதாக மூடக்கூடிய கூடாரமே பிள்ளைகளுக்கு ஏற்றது. குளிர் நாட்டுக் கூடாரங்களில் துணி தடிப்பாக இருக்கும். இங்கே இரண்டு பக்கமாவது வலையாக இல்லாவிட்டால் உள்ளே அவிந்துபோவீர்கள். கூடாரம் இல்லையென்றால் மடிப்புக் கட்டிலும், ஓரங்களைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிய நுளம்பு வலையும் நல்ல மாற்று. செருகிய வலை விரியனையும் தடுக்கும். சப்பாத்துகளை உள்ளே வையுங்கள். காலையில் உதறித் தட்டிவிட்டே போட வேண்டும், தேளோ பூரானோ குடியிருக்கலாம்.

முளை அடிப்பதும் மண் கிண்டுவதுதான். ஆகவே முன்னர் சொன்ன தெரிந்த மண்ணைத் தவிர வேறெங்கும் முளை அடிக்காதீர்கள். முளையில்லாமல் நிற்கும் கூடாரத்தின் நாலு மூலையிலும் மணல் நிரப்பிய போத்தல்களை வைத்தால் சாதாரண காற்றுக்குத் தாங்கும்.

அம்மம்மா "நாங்கள் தரப்பாளுக்குக் கீழ கிடந்தது காணாதோ" எண்டு பேசுறா. அவவுக்கு என்ன சொல்லுறது?

எங்கள் வீட்டிலும் இதே வசனம் கேட்டது. முற்றத்தில் முதன்முதலாகக் கூடாரம் அடித்த அன்று மாமி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நாங்கள் விளையாட்டாக எண்ணிய நீலத்துணி அவவுக்கு 2009ஆம் ஆண்டின் முட்கம்பி முகாம். வரிசையில் நின்ற தண்ணீர். மழையில் மிதந்த பாய். அவவுக்கு விளக்கம் சொல்லி வெல்ல முயலாதீர்கள். "இது வேறு" என்பது நமக்குத்தான் வேறு.

நாங்கள் செய்தது இரண்டு. நீலக் கூடாரத்தை உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் பச்சை நிறத்தில் வேறொன்று வாங்கினோம். பிறகு, இருட்டுமுன் பிள்ளைகளைச் சாப்பிடவைத்துப் படுக்கவைக்கும் வேலையை மாமியிடம் ஒப்படைத்தோம். ஈரத் தரையில் பாய் நனையாமல் எப்படி விரிப்பது, காற்று எந்தப் பக்கம் திரும்பும், வாசலை எந்தத் திசைக்கு வைப்பது என்பதெல்லாம் எங்களைவிட அவவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சொல்லிக்கொடுத்தா; உள்ளே மட்டும் படுக்கவில்லை. இன்றுவரை படுக்கவில்லை, நாங்களும் கேட்பதில்லை. உங்கள் அம்மம்மாவுக்கு இதுவும் இயலாவிட்டால், அவ வீட்டில் இல்லாத நாளில் அடியுங்கள்.

கக்கூசுக்கு?

மலசலகூடம் உள்ள இடத்தையே தெரிவு செய்யுங்கள். தோட்டக் காணியென்றால் நீர்நிலையிலிருந்து அறுபது மீற்றராவது தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் குழி வெட்டி மூடலாம். அது பண்பட்ட மண் என்பதால் மட்டுமே. பகல் நடைக்கு மூடியுள்ள சிறு வாளி ஒன்று கொண்டு போகிறோம். பாவித்த பம்பர்ஸ் உங்களோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். புதைத்தால் நரியோ நாயோ கிண்டும்.

இரவில நெருப்பு மூட்டலாமோ?

தெரியாத நிலத்தில் ஒருபோதும் மூட்டக்கூடாது. குப்பை எரிக்கும்போது மண்ணுக்குள் கிடந்த பொருள் சூடேறி வெடிப்பது வன்னியில் பலரும் அறிந்த ஆபத்து. தெரிந்த நிலத்திலும், சோளகக் காலத்தில் சருகு ஒரு பொறிக்குக் காத்திருக்கும். எங்களிடம் ஒரு சிறு மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கிறது, தேநீருக்கு அது போதும்.

கண் மூடித் திறக்கிறதுக்குள்ள பிள்ளை காணாமல் போனா?

புறப்படுமுன் கழுத்தில் ஒரு விசில் போட்டுவிடுங்கள். மூன்று முறை ஊதினால் "நான் இங்கே" என்று பொருள். வழி தவறினால் தேடி ஓடாமல் கிட்டவுள்ள பெரிய மரத்தடியில் உட்கார வேண்டும் என்பதை விளையாட்டாகவே பழக்குங்கள். பளிச்சென்ற மஞ்சள் அல்லது செம்மஞ்சள் சட்டை போடுங்கள். பச்சைச் சட்டை காட்டில் மறைந்துவிடும். காலையில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், என்ன உடுப்பு என்று கேட்கும்போது தடுமாற வேண்டியிராது.

தேனுக்குப் போகிறவர்கள் வழியில் கொப்பு முறித்து அடையாளம் வைப்பார்கள். சில பெரியவர்கள் காடேறும் இடத்தில் ஐயனாருக்கென்றும் ஒரு கொப்பு முறித்துப் போடுவார்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கி, திரும்பும் இடமெல்லாம் ஐயனாருக்குக் காய்ந்த குச்சி வைக்கிறார்கள். வழியை நினைவில் வைக்க அதுவே உதவுகிறது.

காட்டால வந்து பத்து நாளில காய்ச்சல் வந்திட்டுது. மலேரியாவோ?

மலேரியாவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. பழைய ஆட்கள் "காட்டுக் காய்ச்சல்" என்று அஞ்சியது அந்தக் காலத்து உண்மை. இப்போது நினைக்க வேண்டியவை டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் ஆகியவை. போய்வந்த அன்றே பிள்ளையின் அக்குள், தொடையிடுக்கு, காதுப் பின்புறம், தலைமயிர் எல்லாவற்றையும் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் நுனி குறட்டால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெயும் நெருப்பும் வேண்டாம்.

இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது கரிந்ததுபோன்ற சிறு புண் இருந்தால் அதை வைத்தியருக்குக் காட்டுங்கள். காட்டுக்கும் குளத்துக்கும் போனதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டும்.

பாதி வழியில பிள்ளை இருந்து அழுதா திரும்பி வாறதோ, பழக்கவேணும் எண்டு நடத்துறதோ?

முதலில் தண்ணீர், பிறகு நிழல், பிறகு சப்பாத்தைக் கழற்றிப் பாருங்கள். பத்தில் எட்டு முறை காரணம் அந்த மூன்றில் ஒன்று. பத்து நிமிடத்தில் தெளியாவிட்டால் திரும்புங்கள். பிள்ளை அழுதும் நடந்து முடித்தான் என்று பெருமை பேசும் தந்தையரைக் கண்டிருக்கிறேன். அடுத்த முறை அந்தப் பிள்ளை வாகனத்தைவிட்டு இறங்கவில்லை. அழுகை நின்றும் பிள்ளை சோர்ந்து, தோல் சூடாகி, கேட்டதற்கு மறுமொழி சொல்லத் தடுமாறினால் அது பிடிவாதமன்று, வெயிலடி. நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு அழையுங்கள்.

காட்டோரத்தில பழைய பங்கரக் கண்டு "இது என்ன" எண்டு கேட்டா என்ன சொல்லுறது?

உள்ளே இறங்கவிடக்கூடாது என்பது முதல் விடயம். மண் இடியலாம், பாம்பு இருக்கலாம், இரும்பும் இருக்கலாம். தள்ளி நின்று சொல்லுங்கள். பொய் சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம். நரிக்குகை என்று சொல்லிவைத்தால், பிறகு முன்பள்ளியில் வேறொரு பிள்ளை உண்மையைச் சொல்லும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லவும் வேண்டாம். கேட்ட கேள்வியளவுக்கு மறுமொழி போதும்.

மகள் ஆறு வயதில் கேட்டாள். "முன்பு சண்டை நடந்தது, குண்டு விழும்போது ஆட்கள் இதற்குள் இருந்தார்கள்" என்றேன். நீங்களும் இருந்தீர்களா என்றாள். இருந்தேன் என்றேன். மழை வந்தால் என்ன செய்தீர்கள் என்றாள். தண்ணீர் நிற்கும், சட்டியால் அள்ளி ஊற்றுவோம் என்றேன். சிறிது யோசித்துவிட்டு, அதற்குள் தவளை இருந்ததா என்று கேட்டாள். இருந்தது.